மூன்று மாதம் பிடித்த நாவல்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிட்டது. எஸ்.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள்தாம். ஆனால் என் தமிழுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆகவில்லை. ஆழமாக யோசிக்க வேண்டுமென்றால் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ ஓடினேன்.

பல்கலைக்கழக முதலாண்டில் மூத்த மாணவர் ஒருவர், சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலைக் கையில் திணித்தார். 1981இல் வெளிவந்த நவீனத்துவ நாவல். ஜே.ஜே. என்ற மலையாள எழுத்தாளர் 1960இல் இறந்துபோகிறார். அவரைப் புரிந்துகொள்ளப் பாலு என்ற தமிழ் எழுத்தாளர் முயல்கிறார், பிற்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. ஜே.ஜே. யாரென்று இணையத்தில் தேடினேன். அப்படி ஒருவர் வாழவே இல்லை, எல்லாம் கற்பனை! முப்பதாம் பக்கத்தில் மூடி வைத்தேன்.

மீண்டும் திறக்க வைத்தது ஒரு செய்தி. சுந்தர ராமசாமி பள்ளியில் மலையாளம் படித்தவர். பதினெட்டு வயதளவில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றாராம். இனி எனக்கு என்ன சாக்கு? சென்ற ஆண்டு விடுமுறையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு மூன்று பக்கம்.

"என்னா கத அது?" சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"ஒருத்தரு செத்துட்டாருப்பா. அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு இன்னொருத்தரு தேடுறாரு."

"அதுக்கா மூணு மாசம்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாட்குறிப்பே கிடைத்தும் ஜே.ஜே. முழுமையாகப் பிடிபடவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம்கூட வரவில்லை. அதிலும் பாதி அம்மா சொன்னது.

பிறகுதான் அப்பாவிடம் கேட்கத் தொடங்கினேன். பத்து வயதில் பாட்டியோடு விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போய் மங்கு துடைத்ததை அப்போதுதான் சொன்னார். இப்போது என் குறிப்பேட்டில் நாற்பது பக்கங்கள், எல்லாம் தமிழில். அவர் சொன்னதை வேறு மொழியில் எழுத எனக்கு வரவில்லை.

நாவலை இரண்டாம் முறை படிக்கிறேன். பென்சில் கோடு போட்ட சொற்கள் பல இப்போது புரிகின்றன. அன்று கோடு போடாமல் கடந்த வரிகள்தாம் இன்று நிறுத்தி வைக்கின்றன. நாற்பது வயதில் எந்த வரி நிறுத்துமோ?

கடினம் என்று மூடி வைத்த நூல் உங்கள் அறையிலும் இருக்கலாம், நண்பர்களே. ஒரு நாளைக்கு மூன்று பக்கம் போதும்.