நாலாயிரம் ரூபாய்... ரப்பர் தவளை... ரெண்டு கை!

அமெரிக்காவுல ஒரு மீன் இருக்கு பாஸ்... அதோட பேரே 'பாஸ்'தான்! முழுப் பேரு லார்ஜ்மவுத் பாஸ். பேருக்கேத்த மாதிரி வாய் மட்டும் இம்மாம் பெருசு. அல்லி இலைக்கு அடியில சத்தமே போடாம பதுங்கிக் கிடக்கும். மேலே ஒரு தவளை தத்தித் தத்திப் போச்சுன்னா... 'சளார்!' அவ்ளோதான், தவளை காலி. இந்த பாஸை ஏமாத்தத்தான் அந்த ஊர்க்காரங்க ரப்பர் தவளையைத் தூண்டில்ல கட்டித் தூக்கிப் போடுறாங்க.

நம்ம ஊர்க் குளத்துல பாஸ் கிடையாது. ஆனா, அதே குணத்தோட ஒரு லோக்கல் தாதா உண்டு. விரால்! அதுவும் கோரைக்குள்ள, அல்லிக்கு அடியில, ஆகாயத்தாமரை இடுக்குலதான் குடியிருக்கும். அதுக்கும் தவளைன்னா உசுரு. அதனால பாஸுக்காகப் பொறந்த ரப்பர் தவளை, நம்ம விரால்கிட்டயும் சூப்பரா செல்லுபடி ஆகுது.

சிக்கல் எங்கேன்னா, அமெரிக்காக்காரங்க பரிந்துரைக்கிற ராடு, ரீல் செட்டுக்கு ஆகுற காசுல நாம ஒரு செமஸ்டர் மெஸ் பில்லைக் கட்டிடலாம். என் கையில இருந்தது, எழுதிச் சம்பாதிச்ச நாலாயிரம் ரூபாய். மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு அது பெரிய அமவுன்ட். அப்பா ஒரே வரியில கணக்கை முடிச்சுட்டார்: "நாலாயிரத்துக்கு எட்டு கிலோ விரால் வரும்டா. செதில் உரிச்சு, துண்டு போட்டு, பையில போட்டே குடுப்பாங்க!"

கணக்கு சரிதான். ஆனா, அந்தத் தூண்டில் எனக்கு மட்டும் இல்ல.

தாத்தாவுக்கு 144!

ஒரத்தநாடு பக்கம் எங்க கிராமம். தாத்தா அந்தக் காலத்து விரால் ஸ்பெஷலிஸ்ட். 12 அடி மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, ஒரு முள், ஒரு உயிர்த் தவளை. முழங்கால் தண்ணியில இறங்கி நின்னு, கம்பை நீட்டி, கோரைக்கு நடுவுல தவளையை மெதுவா இறக்குவார். வீட்டுல அன்னைக்குக் குழம்பு கன்ஃபார்ம்.

இப்ப ரெண்டு வருஷமா முட்டி வலி. 'தண்ணியில காலை வெச்சீங்க... அவ்ளோதான்'னு பாட்டி 144 போட்டுட்டாங்க. கரையில நின்னா கம்பு எட்டாது. கம்பு எட்டுற இடத்துல விரால் இல்ல. சாயங்காலம் கரையில உட்கார்ந்து, மத்தவன் தூண்டிலை வேடிக்கை பார்த்துட்டு வந்துடுவார்.

அதனால நான் எழுதின 'டிசைன் ஸ்பெசிஃபிகேஷன்' இதுதான். கரையில நின்னே 20 மீட்டர் தூரத்துக்கு வீசணும். கோரைக்குள்ள இருந்து ஒன்றரைக் கிலோ விராலைப் பிடுங்கி எடுக்கணும். தாத்தா இடது கைக்காரர், நான் வலது கை... ரெண்டு பேருக்கும் செட் ஆகணும். மொத்தச் செலவு நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது.

காசு எங்கே போகணும்?

கடைக்குப் போனதும் எல்லாருக்கும் முதல்ல கை போறது ரீல் மேலதான். பளபளன்னு தங்கக் கலர்ல சுத்தும். 'மூவாயிரத்துக்கு ரீல், மீதிக் காசுக்கு ஏதாவது ஒரு கம்பு'ன்னு வாங்கிட்டு வந்துடுவோம். தவளைத் தூண்டிலுக்கு இது தலைகீழ் கணக்கு.

காரணம் சிம்பிள். கடல் மீன் நூறு மீட்டர் ஓடும். அப்ப ரீல்தான் ஹீரோ. விரால் ஓடாது. கடிச்ச அடுத்த நொடியே கோரைக்குள்ள தலையை விட்டுச் சுத்திக்கும். அந்த ரெண்டு மூணு செகண்டுல அது தலையைத் திருப்பி மேலே கொண்டுவந்தா மீன் நம்மளோடது, இல்லேன்னா குளத்தோடது. அந்த நேரத்துல முழு லோடும் முள், லைன், ராடு, கைன்னு ஒரே சங்கிலியா வருது. ரீல் பண்ற வேலை, லைனை விடாம பிடிச்சுக்கிறது மட்டும்தான்.

லோடு எங்கே போகுதோ, காசும் அங்கேதான் போகணும்! என் கணக்கு: ராடு 1,700. ரீல் 1,300. லைன் 550. தவளை ரெண்டு 400. மீதி 50-க்கு டீயும் வடையும்.

ராடு: எஸ்.ஓ.எம். பேப்பர் ஞாபகம் இருக்கா?

'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்'ல கான்டிலீவர் பீம்னு ஒண்ணு படிச்சு, எழுதி, மறந்திருப்போமே... தூண்டில் ராடு அதேதான்! ஒரு முனை கையில, இன்னொரு முனையில லோடு. வளைவு, நீளத்தோட மூணாவது படியைப் பொறுத்து ஏறும். ஒரே தடிமன், ஒரே மெட்டீரியல்னு வெச்சுக்கிட்டா, 6 அடி 7 அடி ஆனதும் வளைவு கிட்டத்தட்ட 1.6 மடங்கு. ராடு நுனிக்கு வரவர மெலியும்கிறதால கணக்கு அச்சு அசலா ஒத்துவராது. ஆனா, 'நீளமா வாங்கினா, தடிமனும் மெட்டீரியலும் நல்லா இருக்கணும், அதுக்குக் காசு ஆகும்'னு புரியுது இல்லையா? அதனால பட்ஜெட்டுக்கு ஆறரை அடி போதும்.

ராடு மேல ரெண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒண்ணு 'பவர்'. ராடு எவ்ளோ லோடுக்கு வளையும்னு சொல்றது. நமக்கு மீடியம் ஹெவி வேணும். இன்னொண்ணு 'ஆக்‌ஷன்'. எந்த இடத்துல வளையும்னு சொல்றது. 'ஃபாஸ்ட்'னு போட்டிருந்தா நுனி மட்டும் வளையும், கீழ்ப்பாதி விறைப்பா நிக்கும். நுனி வளைஞ்சாதான் 12 கிராம் தவளையை வீச முடியும். கீழ்ப்பாதி நின்னாதான் விரால் தலையைத் திருப்ப முடியும். கூடவே 10-30 கிராம்னு லூர் எடை போட்டிருந்தா, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

கண்ணை மூடுறதுக்கு முன்னால, கடையிலயே மூணு டெஸ்ட். ராடு வளையங்களைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாருங்க, எல்லாம் ஒரே கோட்டுல நிக்கணும். காது குடையுற பட்ஸை ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்துங்க, பஞ்சு எங்கேயாவது மாட்டுச்சுன்னா அங்கே விரிசல் இருக்கு. லைனையும் அது அறுத்துடும். அப்புறம், ரெண்டு துண்டையும் சொருகி ஆட்டிப் பாருங்க, 'டிக் டிக்'னு சத்தம் வந்தா வேண்டாம். மடக்கு ராடு பேக்ல அடங்கும், அழகா இருக்கும்... ஆனா, இந்த முரட்டு வேலைக்கு ரெண்டு துண்டு ராடுதான் பெட்டர்.

மெட்டீரியல்? முழு கார்பன் லேசா இருக்கும். ஆனா, பஸ் கம்பியில ஒரு இடி வாங்கினா உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டுடும். கண்ணாடி இழையும் கார்பனும் கலந்தது கொஞ்சம் கனம். ஆனா, ஹாஸ்டலையும் டவுன் பஸ்ஸையும் தாங்கும். நான் எடுத்தது அதைத்தான். இன்னொண்ணு... கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். குளத்து மேல கரன்ட் கம்பி போனாலோ, இடி இடிச்சாலோ ராடைத் தூக்காதீங்க. இது ஜோக் இல்ல.

ரீல்: சைக்கிள் கடை சொந்தக்காரன்

கியர் சைக்கிள்ல பார்த்திருப்பீங்களே 'ஷிமானோ'ன்னு... 1921-ல ஜப்பான்ல தொடங்கி, முதல்ல சைக்கிள் ஃப்ரீவீல் பண்ணின கம்பெனி அது. இப்ப ரீல் உலகத்துலயும் பெரிய தலை. இன்னொரு பெரிய தலை, அபு கார்சியா. அதோட வேர், அதே 1921-ல ஸ்வீடன்ல தொடங்கின ஒரு கடிகாரத் தொழிற்சாலை. ஆக, ரீல்ங்கிறது மந்திரம் இல்ல மக்களே, பல்சக்கரம்!

அமெரிக்காவுல தவளைக்குப் பெரும்பாலும் 'பெய்ட் காஸ்டர்' ரீலைத்தான் சொல்வாங்க. வீசும்போது ஸ்பூலே சுத்தும், கட்டை விரலால பிரேக் போடணும். விட்டா லைன் குருவிக்கூடு ஆயிடும். அதுவும் இடது கை, வலது கைன்னு தனித்தனியா விக்குற ஐட்டம். 'ஸ்பின்னிங்' ரீல்ல அந்தத் தொல்லையே இல்ல. ஒரு மூடியைக் கழட்டி, கைப்பிடியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாத்திக்கலாம். தாத்தா இடது கையில ராடைப் பிடிப்பார், கைப்பிடி வலது பக்கம். எனக்குக் கைப்பிடி இடது பக்கம். ஒரு ரீல், ரெண்டு கை... பிரச்னை ஓவர். 3000 சைஸ் எடுத்தேன்.

5.2:1-னு போட்டிருந்தா, கைப்பிடி ஒரு சுத்துக்கு ரோட்டர் 5.2 சுத்து. ஸ்பூல் விட்டம் நாலரை சென்டிமீட்டர்னா ஒரு சுத்துக்குச் சுமார் 73 சென்டிமீட்டர் லைன் உள்ளே வரும். தவளைக்கு இது தாராளம். பெட்டி மேல '12 பேரிங்', '13 பேரிங்'னு எழுதியிருக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. மலிவான பதிமூணைவிட நல்ல மூணு மேல்.

நீங்க பார்க்கவேண்டியது வேற. கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பிப் பாருங்க, ஆடாம 'டக்'னு நிக்கணும். சைக்கிள் ஃப்ரீவீல் ஒரு பக்கம் மட்டும் பிடிக்குமே, அதே சமாச்சாரம்தான். அடுத்து 'டிராக்'. பைக் கிளட்ச் பிளேட் மாதிரி உள்ளே வட்டுகள் இருக்கு. இறுக்கிட்டு லைனை இழுத்தா, குதிச்சுக் குதிச்சு வராம வழுக்கிட்டு வரணும்.

லைன்: கேரிபேக்குக்குத் தூரத்துச் சொந்தம்

தாத்தாவோட தங்கூஸ் நைலான். அறுந்துபோற நேரத்துல நீளத்துல 20 சதவிகிதத்துக்கு மேலயும் இழுபடும். பக்கத்துல இருக்கிற மீனுக்குப் பரவாயில்ல. 20 மீட்டர் தள்ளி, செடிக்குள்ள இருக்கிற மீனுக்கு நாம இழுக்குற இழுப்புல பாதி ரப்பர் பேண்டு ஆட்டம் ஆடியே போயிடும். முள் குத்தாது.

அதனால பின்னல் லைன், 'பிரெய்டு'. பாலிஎதிலீன் இழை. கேரிபேக் குடும்பம்தான், ஆனா மூலக்கூறு ரொம்ப நீளம், எல்லாம் ஒரே திசையில வரிசையா நிக்கும். புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்ல போடுற அதே வகை இழை. கிட்டத்தட்ட இழுபடவே இழுபடாது. நான் எடுத்தது 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ. ஒன்றரைக் கிலோ மீனுக்கு எதுக்கு இவ்ளோன்னா... மீனோட சேர்ந்து அஞ்சு கிலோ ஆகாயத்தாமரையும் வருமே!

ரெண்டு டிப்ஸ். ஸ்பூல்ல முதல்ல அஞ்சு மீட்டர் தங்கூஸ் சுத்திட்டு, அதுமேல பிரெய்டு சுத்துங்க. இல்லேன்னா வழுக்கும். செடியில மாட்டினா ராடை வளைச்சு இழுக்காதீங்க, உடையும். ராடை லைனுக்கு நேரா நீட்டி, கையில துண்டைச் சுத்திட்டு இழுங்க. வெறும் கையில பிரெய்டைச் சுத்தினா விரல் அறுபடும். அறுந்த லைனைக் கரையிலயும் போடாதீங்க, நாரையும் நீர்க்காகமும் கால் மாட்டிக்கும்.

தவளை: கட்டை விரல் டெஸ்ட்

உள்ளே காலியான ரப்பர் உடம்பு. ரெட்டை முள் முதுகோட ஒட்டி மேல்நோக்கி இருக்கும். அதனாலதான் செடியில மாட்டாது. மீன் கடிச்சதும் உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். கடையில கட்டை விரலால அமுக்கிப் பாருங்க... லேசா அமுக்கினதுமே முள் எட்டிப் பார்த்தா எடுத்துக்கோங்க. பாஸ் அளவுக்கு விராலுக்கு வாய் கிடையாது. அதனால அஞ்சு சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற குட்டித் தவளையே போதும்.

இதுல எனக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. நிஜத் தவளை வயல் பூச்சியைத் தின்னுற ஜீவன். 1987-ல தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா நிறுத்திடுச்சு. இனிமே தாத்தாவோட முள்ளுல ஒரு தவளையும் உசுரை விட வேண்டாம்.

'மூச்சு வாங்குற இடத்தைப் பாரு!'

குளம் பஞ்சாயத்து ஏலத்துல போனது. குத்தகை எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் கரையில நின்னோம். நீங்களும் கேட்டுட்டே போங்க.

நான் சகட்டுமேனிக்கு வீசிட்டு இருக்க, தாத்தா சும்மா தண்ணியையே பார்த்துட்டு இருந்தார். "ஏன்டா தம்பி, குளம் பூரா வீசுற? அது மேல வந்து மூச்சு வாங்கும். வாங்குற இடத்தைப் பாரு." விரால் காத்துல இருந்தும் மூச்சு வாங்கும் மீன். அப்பப்ப மேலே வந்தே ஆகணும். நான் புக்குல படிச்சதை அவர் குமிழியில படிச்சிருக்கார்.

ஒரு இடத்துல செக்கச்செவேல்னு குட்டிக் குஞ்சுங்க கூட்டமா மேலே வந்துச்சு. அடியில நிச்சயம் பெரிய விரால் காவல் இருக்கும். தவளை போட்டா கோபத்துலயே கடிக்கும். நான் ராடைத் தூக்கினேன். தாத்தா கையைப் பிடிச்சுட்டார். "தாயைப் பிடிச்சா அத்தனையும் கெண்டைக்குஞ்சு மாதிரி காக்காய்க்குப் போகும். வேற இடம் பாரு."

வேற இடம் பார்த்தது அவரேதான். கைப்பிடியை வலது பக்கம் மாத்திக் குடுத்தேன். நாலு வீச்சு சொதப்பல். அஞ்சாவது, அல்லி இலை மேல போய் உட்கார்ந்துச்சு. தத்... தத்... 'சளார்!' நான் கத்துறேன், அவர் இழுக்கல. "ஒண்ணு... ரெண்டு..."ன்னு நிதானமா எண்ணி, அப்புறம் ஒரே தூக்கு! தவளையை வாங்கி உள்ளே தள்ள மீனுக்கு டைம் தரணுமாம். ராடு கீழ்ப்பாதி விறைச்சு நிக்க, ஒரு கூடைச் செடியோட விரால் கரைக்கு வந்துச்சு. தாத்தாவோட கால்ல ஒரு சொட்டுத் தண்ணி படல.

அப்பாவோட எட்டுக் கிலோ கணக்குக்கு என்கிட்ட இன்னமும் பதில் இல்ல. ராடு இப்ப ஹாஸ்டல்லயும் இல்ல, கிராமத்து வீட்டு எரவாணத்துல சொருகியிருக்கு. லீவுக்குப் போறப்ப எல்லாம் ரீல் கைப்பிடியை இடது பக்கம் மாத்தி வெச்சுட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவேன். திரும்பி வந்ததும் நான் முதல்ல பார்க்குறதும் அதைத்தான்.

ஒவ்வொரு தடவையும் கைப்பிடி வலது பக்கம்தான் இருக்கு!