ஒத்திகைக்கும் சேர்த்து நெல்

பழுவூர் என்றதும் எல்லோருக்கும் பழுவேட்டரையர்தான் நினைவுக்கு வருகிறார். எனக்கு வருபவர் சாக்கை மாராயன் விக்கிரம சோழன். கீழப்பழுவூருக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையில் இருக்கும் காமரசவல்லிக் கோயிலில் முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில் இவர் பேர் இருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கும் வைகாசித் திருவாதிரைக்கும் சாக்கைக் கூத்து ஆட வேண்டும். அதற்காக ஊர்ச் சபை இவருக்கு நிலம் கொடுத்திருக்கிறது.

அந்த நிலம் என் மனத்தை விட்டுப் போவதில்லை. சபையார் ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பியிருக்கலாம். நிலம் கொடுத்தார்கள். வருகிற வருஷத்துக் கூத்துக்கும் அப்போதே சோறு போட்டுவிட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடியவர்களுக்கு இதைவிடத் துல்லியமான ஏற்பாடு. நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், வருஷத்துக்கு நூற்றிருபது கலம். தூணிக்கு நாலு மரக்கால், கலத்துக்குப் பன்னிரண்டு. 360 நாளைக்குக் கணக்குப் போட்டால் சரியாக 120 கலம் வருகிறது. அந்த நாடகம் ஆடப்பட்டதோ வைகாசித் திருவிழாவில். நெல்லை மட்டும் தினப்படி கணக்கில் அளந்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் கழியும் மற்ற நாட்களும் நாடகத்தைச் சேர்ந்தவைதான் என்று அந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவுக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

இருபது வயதில் நாடகக் குழு தொடங்க வேண்டும் என்று வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தூணி நெல் ஞாபகம் வரும். பம்மல் சம்பந்த முதலியாரும் வருவார். 1891 ஜூலை 1 அன்று சென்னையில் சுகுண விலாச சபையை நண்பர்களோடு அவர் தொடங்கியபோது வயது பதினெட்டு. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தம் குழுவோடு சென்னைக்கு வந்து போட்ட தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பிறகு மனசு மாறியது. படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறலாம் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டார். தாமே எழுதினார், கற்றுக்கொடுத்தார், நடித்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள்! விடிய விடிய நடந்துகொண்டிருந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார்.

சுதேசமித்திரனில் அவர் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ பிறகு ஆறு பாகங்களாக நூலானது. நாடகக் குழு தொடங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் கொடுக்கும் புத்தகம் அதுதான். கைத்தட்டலைவிட ஒத்திகையைப் பற்றிச் சொல்லும் இடங்களில்தான் அந்த மனிதரின் முழு உருவம் தெரிகிறது. ஒத்திகைக்கு வராதவனுக்கு மேடையில் இடமில்லை என்பதில் அவ்வளவு கண்டிப்பு. வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்தவர் இத்தனையையும் வேலை போக மிஞ்சிய நேரத்தில் செய்தார். சபையில் இருந்தவர்களும் அப்படித்தான். அவர்கள் வீட்டு அடுப்பு சபையை நம்பி எரியவில்லை.

எல்லோருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, பாடம் கற்றார்கள். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நடிகர்களை முழுநேரமாக வைத்துக்கொள்ளப் பின்னாளில் ஃபோர்டு அறக்கட்டளை நிதியை நாட வேண்டியிருந்தது. சோழன் உள்ளூரிலேயே அளந்த நெல்லுக்கு நாம் கடல் கடந்து போனோம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

கீழப்பழுவூரில் இன்று ஒரு பெண்ணோ பையனோ நாடகம் எழுதி, ஆட்களைச் சேர்த்தால், மேடை கிடைத்துவிடும். கோயில் திருவிழா இருக்கிறது, பள்ளி ஆண்டு விழா இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதம் எங்கே நின்று வசனம் பேசிப் பார்ப்பது? சிமெண்ட் லாரி ஓடும் ரோட்டோரத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மண்டபக்காரர் ஒருவர் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுவரை சாவியைக் கொடுத்தால் போதும். கரண்டு செலவை ஊர் ஏற்றுக்கொள்ளட்டும்.