பிள்ளையின் கணக்கில் பாதிப் பங்கு

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தவுடன் சொந்தபந்தங்கள் கூடிநின்று பங்கு பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூக்கு தகப்பன்ரை, நெற்றி அப்பப்பான்ரை, கண் மாமியின்ரை என்று நல்லவை எல்லாம் தகப்பன் பக்கத்துக்குப் போகும். பிள்ளை பெண்ணாகப் பிறந்தாலோ, நிறம் குறைவாக இருந்தாலோ, உடம்பில் ஏதேனும் ஒரு குறை இருந்தாலோ அந்தப் பங்கு மட்டும் தாயின் தலையில் வந்து விழும். "உன்ரை வயித்துக் கோளாறு", "உங்கடை பரம்பரையிலை இருந்து வந்தது" என்ற வார்த்தைகளைக் கேட்காத பெண்கள் எமது கிராமங்களில் குறைவு.

நான் சமூகவியல் படித்தவள். பல வருடங்களாக மீள்குடியேறிய கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்து வருகிறேன். குடும்பப் பிணக்கு என்று எம்மிடம் வருகின்ற விடயங்களை விசாரித்துக்கொண்டு போனால், பல தடவைகளில் அடியில் கிடப்பது பரம்பரை பற்றிய ஒரு தவறான எண்ணமாகவே இருக்கும். ஆலோசனை சொல்லலாம், மத்தியஸ்த சபைக்கு அனுப்பலாம். ஆனால் அந்த எண்ணம் மனதில் இருக்கும் வரைக்கும் பிணக்கு திரும்பத் திரும்ப முளைக்கும். இவற்றில் பலவற்றுக்கான பதில் சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் இருக்கிறது. இடப்பெயர்வால் பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோன சகோதரிகள் பலருக்கு அந்தப் பாடம் கிடைக்காமல் போயிற்று. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

எமது உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் கரு என்ற ஒரு பகுதி உண்டு. அதற்குள் நூல் போன்ற நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. மனிதருக்கு அவை 46. இந்த எண்ணிக்கையைச் சரியாகக் கண்டு சொன்னது 1956இல் தான். 46 என்பது தனித்தனியாக அல்ல, 23 சோடிகளாக இருக்கிறது. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. தாயின் முட்டைக்கலத்தில் 23, தகப்பனின் விந்துக்கலத்தில் 23. இரண்டும் சேரும்போதுதான் 46 ஆகிறது. ஆகவே பிள்ளையின் நிறமூர்த்தங்களில் பாதி தாயினுடையது, பாதி தகப்பனுடையது. இந்தக் கணக்கில் ஏழை, பணக்காரர், சீதனம் கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பேதம் கிடையாது.

நிறமூர்த்தங்களில் வரிசையாக அமைந்திருப்பவையே பரம்பரையலகுகள். மனிதரில் ஏறத்தாழ 20,000 உண்டு. இவற்றைச் சமையல் குறிப்புக் கொப்பி போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒரே கறிக்கு அம்மாவின் கொப்பியில் ஒரு குறிப்பு, அப்பாவின் கொப்பியில் ஒரு குறிப்பு. சில வேளை இரண்டும் ஒன்றாக இருக்கும். சில வேளை வேறுபட்டு, ஒன்றின் ருசி மற்றதை மூடிவிடும். மூடப்பட்ட குறிப்பு அழிந்துபோவதில்லை. கொப்பிக்குள் அப்படியே இருந்து பேரப்பிள்ளையில் வெளிப்படலாம். இதை முதன்முதலில் கணக்காகக் காட்டியவர் கிரகோர் மெண்டல் என்ற துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வருடக்கணக்காக வளர்த்து எண்ணிப் பார்த்து, 1866இல் அதை அச்சில் வெளியிட்டார்.

இந்த மறைந்திருக்கும் குறிப்பு ஒரு குடும்பத்தையே உடைக்கப் பார்த்தது எனக்குத் தெரியும். ஒரு சகோதரியின் இரத்தம் 'பி' வகை, கணவருடையது 'ஏ' வகை. பிள்ளைக்கு 'ஓ' வகை என்று எழுதியிருந்தது. யாரோ ஒருவர் கணவரின் காதில் எதையோ ஓதிவிட்டார். அவர் மனைவியோடு கதைப்பதை நிறுத்தினார், பிள்ளையைத் தூக்குவதையும் நிறுத்தினார். விளக்கம் மிகவும் சிறியது. 'ஏ' வகை இரத்தம் உள்ளவரிடம் 'ஏ' என்ற குறிப்போடு 'ஓ' என்ற குறிப்பும் மறைந்திருக்கலாம். 'பி' வகை உள்ளவரிடமும் அப்படியே. இரண்டு பேரிடமிருந்தும் 'ஓ' குறிப்பு வந்து சேர்ந்தால் பிள்ளையின் இரத்தம் 'ஓ' வகையாக இருக்கும். அத்தகைய தம்பதிக்கு ஒவ்வொரு பிள்ளையிலும் இதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. கிளினிக்கில் வைத்தியர் ஒரு கடதாசியில் நாலு கட்டம் கீறி இதைக் கணவருக்குக் காட்டினார். அவர் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வந்தவர் அவர்தான்.

அடுத்தது, பெண்பிள்ளையாகப் பெற்றவள் என்ற பழி. 23 சோடிகளில் ஒரு சோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்ணிடம் இரண்டு 'எக்ஸ்' நிறமூர்த்தங்கள். ஆணிடம் ஒரு 'எக்ஸ்', ஒரு 'வை'. ஆகவே தாயால் கொடுக்கக்கூடியது 'எக்ஸ்' மட்டுமே. தகப்பனின் விந்துக்கலங்களில் பாதியில் 'எக்ஸ்' இருக்கும், பாதியில் 'வை' இருக்கும். 'எக்ஸ்' வந்து சேர்ந்தால் மகள், 'வை' வந்து சேர்ந்தால் மகன். இந்த உண்மையை 1905இல் மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நெற்றி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. பெண்கள்மீது சுமத்தப்பட்ட இந்தப் பழிக்கு ஒரு பெண்ணே பதில் தேடித் தந்தாள் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷத்தைத் தரும்.

அப்படியானால் பழி தகப்பனுக்கா? அதுவும் இல்லை. எந்த விந்துக்கலம் முந்தும் என்பது அவருடைய கையிலும் இல்லை. எமது குழுக் கூட்டங்களில் நான் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் நாலு தடவை சுண்டச் சொல்லுவேன். தலை விழுந்தால் மகன், மற்றப் பக்கம் விழுந்தால் மகள். கணக்குப்படி பதினாறு பேரில் ஒருவருக்கு நாலும் மகளாகவே விழ வேண்டும். கூட்டத்தில் யாருக்காவது அப்படி விழும்போது எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது, "நாலு பெண்பிள்ளை பெற்றதுக்காக விட்டிட்டுப் போனவன் இதை ஒருக்கால் சுண்டிப் பார்த்திருக்கலாம்" என்று ஒரு அக்கா சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

யுத்தத்தால் வந்த இன்னொரு பயமும் இருக்கிறது. ஷெல் வீச்சில் காலை இழந்த ஒருவரை விரும்பிய ஒரு தங்கைச்சி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் கால் இல்லாமல் வருமா?" அவளுடைய தாய் அப்படிச் சொல்லித்தான் கலியாணத்தை மறுத்திருந்தார். உடம்பில் பட்ட காயம் பரம்பரையலகில் எழுதப்படுவதில்லை. கால் போனாலும், காலை உருவாக்குகின்ற குறிப்பு அவருடைய விந்துக்கலத்தில் முழுதாகவே இருக்கிறது. 1880களில் ஜேர்மனியில் ஓகஸ்ட் வைஸ்மன் என்ற விஞ்ஞானி எலிகளின் வாலை வெட்டி, அவற்றைக் குட்டி போட வைத்து, ஐந்து தலைமுறையாகப் பார்த்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வால் இல்லாமல் பிறக்கவில்லை. கை, கால் இழந்தவர்கள், கண் பார்வை இழந்தவர்கள், உடம்பில் இன்னமும் சன்னங்களோடு வாழ்பவர்கள் எமது ஊர்களில் எத்தனையோ பேர். அந்தக் காயங்கள் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக இறங்குவதில்லை. கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போசாக்குக் குறைந்தாலோ, ருபெல்லா போன்ற தொற்று வந்தாலோ பிள்ளை பாதிக்கப்படலாம். அது வேறு விடயம், பரம்பரை அல்ல. அதற்குத்தான் கலியாணத்துக்கு முன்பே தடுப்பூசியும், கர்ப்பத்தில் போலிக் அமிலமும் தருகிறார்கள்.

உண்மையில் பரம்பரையாக வருகின்ற நோய்களும் உண்டு. அவற்றை மறைப்பதும் எமக்கு நல்லதல்ல. தலசீமியா என்ற இரத்தநோய் அப்படியான ஒன்று. இலங்கையில் குருநாகல், அநுராதபுரம், பதுளை மாவட்டங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. குருநாகல் வைத்தியசாலையில் இதற்கென்றே ஒரு தேசிய நிலையம் இருக்கிறது. இந்த நோயின் கடுமையான வகை உள்ள பிள்ளைக்கு மூன்று, நாலு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றவேண்டி வரும். பழுதான குறிப்பு ஒன்று மட்டும் உள்ளவர் சுகதேகியாகவே இருப்பார். அவரைக் காவி என்பார்கள். தாயும் தகப்பனும் இருவருமே காவிகளாக இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். கவனியுங்கள்: இருவரும். இந்த நோயை ஒரு தாய் தனியாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிட முடியாது.

சொந்தத்துக்குள் மச்சான், மச்சாள் கலியாணம் செய்வது எம்மிடையே வழக்கம். நெருங்கிய உறவினரிடம் ஒரே பழுதான குறிப்பு மறைந்திருக்க வாய்ப்புக் கூட. இங்கிலாந்தின் பிறட்போர்ட் நகரில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. மற்றவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 3 பேரளவில் பிறவிக் குறைபாடு இருந்தால், ஒன்றுவிட்ட சகோதர உறவில் மணம் செய்தவர்களின் பிள்ளைகளில் அது நூற்றுக்கு 6 பேரளவாக இருந்தது. அதாவது இரண்டு மடங்கு. ஆனாலும் நூற்றுக்கு 94 பிள்ளைகள் அப்படிக் குறையில்லாமல் பிறந்தார்கள். ஏற்கெனவே மச்சானை முடித்தவர்கள் பயந்து சாக வேண்டியதில்லை. இனிமேல் முடிக்க இருப்பவர்கள் சாதகம் பார்ப்பதோடு ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்து பார்க்கட்டும்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார் படும் பாடு தனி. செய்த பாவம் என்றும், சாபம் என்றும், கிரகண நேரத்தில் வெளியே போனது என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே காரணம் என்பது 1959இலேயே வெளியிடப்பட்டுவிட்டது. பெரும்பாலும் முட்டையோ விந்தோ உருவாகும்போது நிறமூர்த்தங்கள் சரியாகப் பிரியாததால் இது ஏற்படுகிறது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும். இளம் தாய்மாருக்கும் வரும். தாயின் நடத்தைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அன்பும் பயிற்சியும் பள்ளிக்கூடமும். காரணம் தேடிக்கொண்டு தாயைக் குடைவதால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

பாதிக்குப் பாதி என்று சொன்னேன். தாய் மட்டுமே கொடுக்கின்ற ஒன்றும் இருக்கிறது. கலத்துக்குள் சக்தியைத் தயாரிக்கும் இழைமணி என்ற சிறு உறுப்பில் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு என்று பெண்வழியாகவே இறங்கும்.

ஆர்ஜென்டினா நாட்டில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. பல்லாயிரம் பேர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். கைதாகும்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகள் வேறு ஆட்களிடம் கொடுக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளைத் தேடி 1977இல் பாட்டிமார் ஒன்றுசேர்ந்தார்கள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, பேரப்பிள்ளையை எங்கள் இரத்தத்தைக் கொண்டு அடையாளம் காண முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். 1984இல் மேரி கிளயர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி அவர்களுக்கு உதவ வந்தார். பின்னர் இந்த இழைமணி டி.என்.ஏ.யும் பயன்பட்டது. பாட்டிமாரின் இரத்த மாதிரிகளைப் பாதுகாக்க 1987இல் ஒரு தேசிய வங்கியை உருவாக்க அரசாங்கம் சட்டம் இயற்றியது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் யார் என்று கண்டறியப்பட்டிருக்கிறார்கள். காணாமல் போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வீதியோரத்தில் இருக்கும் எமது அம்மாமாருக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. பொய் நம்பிக்கை கொடுப்பதற்காக அல்ல. தாயின் உடம்பே ஒரு சாட்சி என்பதைச் சொல்வதற்காக.

சகோதரிகளே, இனி யாராவது "உன்னாலைதான்" என்று தொடங்கினால் வாயை மூடிக்கொண்டு அழாதீர்கள். பாதி, பாதி என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்துக் காட்டுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கலியாணம் பேசும் வீடுகளில் தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை பற்றி நீங்களே கதையைத் தொடக்குங்கள். நாளைக்கு உங்கள் மகனுக்கு மருமகள் வந்து, அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தால், முதலில் போய்த் தூக்கிக் கொஞ்சுகிறவர் நீங்களாக இருங்கள்.