கணக்கில் வராத கைகள்

விளையாட்டு உலகில் புகழ் பெரும்பாலும் எண்களின் தோளில் ஏறித்தான் வருகிறது. ஓட்டக்காரனுக்கு நொடிகள், மட்டைப் பந்தாட்டக்காரனுக்கு ஓட்டங்கள், காற்பந்து முன்னணி ஆட்டக்காரனுக்குக் கோல்கள். பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் மறந்துவிட்ட உலகம், ஒருவன் விட்டுச் சென்ற எண்ணை மட்டும் மறவாமல் வைத்துக்கொள்கிறது.

அமெரிக்கரும் ஜப்பானியரும் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தில் இந்த எண் மோகம் உச்சத்தில் நிற்கிறது. எதிராளி வீசும் பந்தைத் திடலின் வேலிக்கு அப்பால் விழும்படி ஓங்கி அடித்துவிட்டு, நான்கு முனைகளையும் நிதானமாகச் சுற்றி வருவதை அவர்கள் 'ஹோம் ரன்' என்பர். பேப் ரூத் என்னும் அமெரிக்கர் தம் வாழ்நாளில் 714 முறை அவ்வாறு அடித்தார். கறுப்பினத்தவரான ஹேங்க் ஆரன் 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அந்த எண்ணைக் கடந்து, 755இல் நின்றார். அவ்விருவரையும் விஞ்சி 868 என்னும் எண்ணைத் தொட்டவர் நம் ஆசியக் கண்டத்தவர். சதஹாரு ஓ என்பது அவர் பெயர்.

அவருடைய கதை நம் நாட்டு வாசகர் நெஞ்சைச் சற்றே நெருடும். தந்தை சீனாவிலிருந்து சென்று தோக்கியோவில் உணவுக்கடை நடத்தியவர். தாய் ஜப்பானியப் பெண்மணி. 1957இல் பள்ளிக் குழுக்களுக்கான தேசியப் போட்டியில் தம் பள்ளிக்கு வெற்றி தேடித் தந்த அந்த இளைஞர், ஜப்பானியக் குடிமகன் அல்லர் என்ற காரணத்தால் அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழாவில் ஆட இயலவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1977 செப்டம்பரில், ஆரனின் எண்ணை அவர் கடந்தபோது ஜப்பானிய அரசு மக்கள் பெருமை விருதை முதன்முதலாக அவருக்கே வழங்கியது. ஒதுக்கிய கைகளே மாலை சூட்டின. அந்தக் கைகளை அசைத்தது எண்ணின் ஆற்றல். 756 என்பதை எவராலும் மறுக்க முடியாதல்லவா?

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. எண்ணே இல்லாத ஆட்டக்காரனை உலகம் எப்படி நினைவில் வைத்திருக்கும்? அடித்தவனுக்குக் கணக்கு உண்டு; தடுத்தவனுக்கு யார் கணக்கு எழுதினார்கள்? இந்த வினாவை எண்ணும்போதெல்லாம் நம் ஆறுமுகம் நினைவுக்கு வருகிறார்.

மலேசியக் காற்பந்தின் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தைத்தான் சொல்கிறேன். 1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் வட்டாரத்தில் பிறந்தவர். சிலாங்கூர் மாநிலத்தின் கோல் வாயிலையும் நாட்டின் கோல் வாயிலையும் ஆண்டுக்கணக்கில் காத்தவர். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் பெற்ற காலத்தவர். 1977இலும் 1979இலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் நம் நாடு தங்கம் வென்ற பொற்காலத்தில் ஒளிர்ந்தவர். நீண்ட கைகளும் மின்னல் வேகமும் கொண்ட அவரை நாடு 'ஸ்பைடர்மேன்' என்று செல்லமாக அழைத்தது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே குரலில் அழைத்த பெயர் அது.

கோல் காவலன் தொழில் வெளியிலிருந்து பார்ப்போர் நினைப்பதைவிட நுட்பமானது. இரு கம்பங்களுக்கு இடையே 24 அடி அகலம். குறுக்குக் கம்பம் 8 அடி உயரம். எத்துணை நீண்ட கைகளை விரித்தாலும் ஒருவனால் அந்த வாயிலை அடைத்துவிட முடியாது. ஆதலால் அவன் முன்னே வருகிறான். பந்தோடு வருபவனை நோக்கி அவன் ஓரடி எடுத்து வைக்க, எதிராளியின் கண்ணுக்குக் கோல் வாயில் ஓரடி சுருங்குகிறது. அளவுக்கு மேல் முன்னே வந்தாலோ, பந்து தலைக்கு மேலே பறந்துவிடும். எங்கே நிற்பது, எப்பொழுது பாய்வது என்னும் இந்தக் கணக்கை ஒரு நொடிக்குள் போட்டு முடிக்க வேண்டும். சரியாகப் போட்டால் பந்து நேரே கைக்கு வருகிறது. பார்ப்பவர், "எளிய பந்து" என்கிறார். தவறினால் பந்து வலையில். பார்ப்பவர், "இதைக்கூடப் பிடிக்கத் தெரியவில்லையே" என்கிறார். வெற்றி எளிமையாகவும் தோல்வி பெரிதாகவும் தெரியும் விந்தையான தொழில் அது!

ஆறுமுகத்தோடு ஒரே சீருடையில் ஆடிய மொக்தார் டஹாரி நாட்டுக்காக அடித்தவை 89 கோல்கள் என்று அனைத்துலகப் பதிவுகள் சொல்லுகின்றன. பெரும் சாதனை; போற்றத்தக்க எண். ஆனால் ஆறுமுகம் தடுத்த பந்துகள் எத்தனை? நூற்றுக்கு மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்களில், கோலாக வேண்டியவை கோலாகாமல் போனவை எத்தனை? அவற்றுக்குப் பதிவேடு கிடையாது.

நான் பிறந்து வளர்ந்தது ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். பால் வெட்டும் வேலை முடிந்து, வாளிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பின், மாலை ஐந்து மணிக்குத் திடல் உயிர்பெறும். மரக்கொம்புகளே கோல் கம்பங்கள். கோல் காவலனாக நிற்க எவரும் முன்வர மாட்டார்கள். கால் வலு குறைந்தவனையோ, வயதில் சிறியவனையோ, சப்பாத்து இல்லாதவனையோ அங்கே நிறுத்துவதுதான் வழக்கம். என் தம்பியை அப்படித்தான் நிறுத்தினார்கள். அவனுக்கு அப்போது பதினொரு வயது.

சில மாதங்களில் அந்த இடத்தை அவன் விரும்பத் தொடங்கினான். அதற்குக் காரணம் ஆறுமுகம். தோட்டத்து மன்றத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் முன், மலேசியக் கிண்ண ஆட்டம் நடக்கும் இரவுகளில், ஆண்களும் பெண்களும் பாய் விரித்து அமர்ந்திருப்பார்கள். நாங்கள் ஜொகூர்க்காரர்கள்; முறைப்படி சிலாங்கூர் எங்கள் எதிரணி. 1978 முதல் 1981 வரை நான்கு ஆண்டுகளும் இறுதி ஆட்டத்தில் சிலாங்கூரும் சிங்கப்பூருமே மோதின. பாலத்துக்கு அந்தப் பக்கம் உறவினரும் வேலையும் கொண்டிருந்த எங்கள் மக்களிடையே சிங்கப்பூருக்குப் பரிந்து பேசுவோர் பலர். எனினும் ஆறுமுகம் பாய்ந்து பந்தைத் தட்டிவிடும் போதெல்லாம் மன்றம் முழுவதும் ஒரே ஆரவாரம் எழும். தோட்டத்துப் பாட்டிமார் ஆட்ட விதி ஒன்றும் அறியாதவர்கள். "நம்ம பிள்ளை பிடிச்சிட்டான்" என்று மட்டும் சொல்வார்கள்.

தம்பி செய்தித்தாளிலிருந்து ஆறுமுகத்தின் படத்தை வெட்டி, சோற்றுப் பசையால் வீட்டுப் பலகைச் சுவரில் ஒட்டினான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பந்தைப் பிடிச்சா பால் வாளி நெறையுமாடா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நெறையாதுப்பா. ஆனா ஊர்ல எல்லாரும் நம்ம பேரைச் சொல்லுவாங்க," என்றான் தம்பி.

அப்பா மறுமொழி சொல்லவில்லை. படத்தைக் கிழிக்கவும் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுகையில் விளக்கொளியில் அவர் ஒரு கணம் அந்தப் படத்தை நின்று பார்த்ததை நான் பாயில் படுத்தபடி கண்டிருக்கிறேன்.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மலேசிய விளையாட்டு வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த தகுதிச் சுற்று இறுதி ஆட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2–1 என்னும் கோல் கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியைப் பெற்றது. நம் கோல்களை அடித்தவர்கள் சந்தோக் சிங்கும் ஜேம்ஸ் வோங்கும். சோ சின் ஆன், மொக்தார், ஹசான் சானி, ஆறுமுகம் என்று அந்தத் தலைமுறையின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு நாட்டின் முகம் தெரியும். 1972இல் மியூனிக் சென்ற பிறகு ஒலிம்பிக் திடலை மிதிக்க இரண்டாம் வாய்ப்பு வாய்த்தது.

ஆனால் அவர்கள் போகவில்லை. சோவியத் படைகள் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மாஸ்கோவைப் புறக்கணித்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. நம் இடத்தில் ஈராக் ஆடியது. அரசின் முடிவில் நியாயம் இருந்திருக்கலாம்; அதைப் பற்றி வழக்காட நான் வரவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை திறந்த கதவு ஓர் ஆட்டக்காரனின் முகத்துக்கு நேரே மூடும்போது, அவன் அதை எப்படித் தாங்கினான் என்பதே என் கவலை. அவர்கள் தாங்கினார்கள். அடுத்த கிண்ணப் போட்டிக்குப் பயிற்சி செய்யச் சென்றார்கள். அதன் பின் எந்த மலேசியக் காற்பந்துக் குழுவும் ஒலிம்பிக் தகுதியை எட்டியதில்லை என்பதை எண்ணும்போது அவர்கள் இழந்ததன் அளவு நமக்கு விளங்குகிறது.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஆறுமுகம் சாலை விபத்தில் மறைந்தார். வயது முப்பத்தைந்து. தம்பி அப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாநில இளையோர் குழுத் தேர்வுக்கு அவன் ஒரு முறை சென்றதும், தேர்வாளர் ஒருவர் அவன் ஆட்டத்தைப் பார்க்குமுன்பே உயரம் போதாது என்று திருப்பி அனுப்பியதும் பழங்கதையாகியிருந்தன. செய்தி வந்த நாளில் அவன் என் வீட்டுக்கு வந்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அவர் புடிச்ச பந்தையெல்லாம் யாராவது எழுதி வச்சிருப்பாங்களா?" என்று கேட்டான். இந்தக் கட்டுரை எழுப்பும் வினா உண்மையில் அவனுடையது.

இவ்வினாவோடு பல ஆண்டுகள் வாழ்ந்த பின் எனக்குத் தோன்றுவது இதுதான்: காவல் என்னும் தொழில் முழுவதுக்கும் இதே விதி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை நாம் அறிவோம். கோத்தா திங்கியும் சிகாமட்டும் நீரில் மிதந்தன. அழிந்ததைக் கணக்கெடுத்தோம். ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் கால்வாய் தூர்வாரி, கரை பூசி, எத்தனையோ சிறு வெள்ளங்களை வரவொட்டாமல் தடுத்த தொழிலாளரின் பெயரை யார் அறிவார்? காய்ச்சல் வராமல் காத்த தாதியும், விபத்து நேராமல் காத்த இரயில் கதவுக் காவலரும், கடன் வாசல் ஏறாமல் வீட்டைக் காத்த தாயும் கோல் காவலர்களே. நிகழ்ந்தது செய்தியாகிறது, நிகழாமல் தடுக்கப்பட்டதோ காற்றில் கரைகிறது. நம் சமுதாயத்தின் உழைப்பில் பெரும் பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. காடு நாட்டை விழுங்காமல் களைவெட்டியவர் நம் பாட்டனார். இன்று அதிகாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் செல்லும் இளைஞர்களில் எத்தனையோ பேர் ஒரு குடும்பத்தின் கோல் வாயிலில் தனியே நிற்பவர்கள்.

காலம் மாறிவிட்டது. ஜொகூர் 1985இல் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றதையும், 1991இல் லீக், கிண்ணம் இரண்டையும் ஒரே ஆண்டில் கைப்பற்றியதையும் கண்டவர் நாம். 2014 தொடங்கி ஜொகூர் டாருல் தக்சிம் குழு ஆண்டுதோறும் லீக் பட்டம் சூடியதும், 2020இல் இஸ்கந்தர் புத்திரியில் புதிய அரங்கம் எழுந்ததும் நம் கண்முன் நடந்தவை. ஆறுமுகத்தின் தலைமுறையை நினைவூட்டி 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் முத்து என்னும் கோல் காவலனைக் கண்டு திரையரங்கில் பல்லினத்தாரும் கைதட்டினர். ஆனால் நாங்கள் ஆடிய தோட்டத்துத் திடல் இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. திடல் போன பின் ஆறுமுகங்கள் எங்கிருந்து வருவர் என்பதை நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தம்பி கேட்டதற்கு ஒரு விடை உண்டு. அதை அவனே செயலில் காட்டிவிட்டான். வேலை ஓய்வுக்குப் பின் ஒரு தமிழ்ப்பள்ளியில் வாரம் இரு மாலைகள் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். கோல் காவலனாக நிற்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் முன்பெல்லாம் எல்லாரும் தலை குனிவார்களாம். இப்போது ஒரு குறிப்பேட்டைக் கையோடு கொண்டுசெல்கிறான். ஆட்டம் முடிந்ததும் அன்று பிடிக்கப்பட்ட ஒவ்வொரு பந்தையும், பிடித்த பிள்ளையின் பெயரையும், எந்தப் பக்கம் பாய்ந்தான் என்பதையும் அதில் எழுதிப் படித்துக் காட்டுகிறான். சென்ற மாதம் நான் போயிருந்தபோது அந்த இடத்துக்கு ஐந்து பிள்ளைகள் போட்டி போட்டார்கள். அவர்களுள் இருவர் பெண் பிள்ளைகள்.