மரக்கானா மைதானம்

ரியோ டி ஜெனீரோ நகரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று, மலையுச்சியில் கைகளை விரித்து நிற்கும் கிறிஸ்துநாதரின் சிலை. மற்றொன்று, கோப்பகபானா கடற்கரை. இரண்டையும் பார்த்து முடித்த பிறகு, மூன்றாவதாக மரக்கானா மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொன்னோம். உடன் வந்திருந்த நண்பர், "ஆட்டம் இல்லாத நாளில் பந்து மைதானத்தில் என்ன இருக்கிறது? புல்லும் நாற்காலியுந்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கச்சேரி இல்லாத நாளில் சபா மண்டபத்தைப் போய்ப் பார்ப்பவர் யார்? ஆனாலும் இந்த மைதானத்தில் முன்பு நடந்தது சாமானியமான விஷயமல்ல. அதை அறிந்தவர்களுக்கு வெறும் புல்லும் நாற்காலியும் எவ்வளவோ சொல்லக்கூடும்.

மெட்ரோ ரயிலின் இரண்டாவது தடத்தில் ஏறினால், மைதானத்தின் பெயரையே தாங்கிய ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து ஒரு நடைபாலம் மைதானத்தை நோக்கிச் செல்கிறது. மரக்கானா என்பது அருகே ஓடும் ஒரு சிற்றாற்றின் பெயர். அந்த ஆற்றுக்கு ஒருவகைக் கிளியின் பெயரை வைத்தவர்கள் அந்நாட்டுப் பழங்குடி மக்கள். ஆனால் சர்க்கார் ஏடுகளில் மைதானத்தின் பெயர் வேறு: 'பத்திரிகையாளர் மாரியோ பில்யோ மைதானம்.' மந்திரி பெயரோ மன்னர் பெயரோ இல்லை, பத்திரிகைக்காரர் ஒருவரின் பெயர்! இதைக் கேட்டதும், அதே தொழிலைச் சேர்ந்த நமக்குச் சற்றே மார்பு விம்மியதில் ஆச்சரியமில்லை அல்லவா?

அந்தக் கௌரவம் அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. 1950-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைப் பந்தயம் பிரேசிலில் நடப்பதென்று முடிவானபோது, பெரிய மைதானம் ஒன்று தேவைப்பட்டது. நகரத்துக்கு வெகு தொலைவில், ஜக்கரேபகுவா என்னும் புறப்பகுதியில் அதைக் கட்டலாம் என்று ஒரு கட்சியார் வாதித்தார்கள். மாரியோ பில்யோ தம்முடைய விளையாட்டுப் பத்திரிகையில் விடாமல் எதிர்த்து எழுதினார். ஜனங்களுக்காகக் கட்டுகிற மைதானம் ஜனங்கள் சுலபமாக வந்து சேரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியே ஜயித்தது. பழைய குதிரைப் பந்தயத் திடலில் 1948 ஆகஸ்டு 2-ஆம் தேதி வேலை தொடங்கி, 1950 ஜூன் 16-ஆம் தேதி மைதானம் திறக்கப்பட்டது. அன்றைக்கும் சாரங்கள் முழுவதும் அவிழ்க்கப்படவில்லை. வேலை பூரணமாக முடிவதற்கு மேலும் பதினைந்து வருஷங்கள் சென்றன.

அந்த உலகக் கோப்பையில் நம் பாரத தேசத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நேயர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இத்தாலி, ஸ்வீடன், பராகுவே ஆகிய நாடுகளோடு ஒரே பிரிவில் நம் அணியின் பெயரும் இருந்தது. ஆனால் அணி போகவில்லை. காலில் பூட்ஸ் போட மறுத்ததால்தான் போகவில்லை என்று ஒரு கதை நெடுநாளாக உலவி வருகிறது. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்ஸிடம் 2-க்கு 1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள்; அதிலிருந்து முளைத்த கதை போலும். பயிற்சிக்குப் போதிய அவகாசம் இல்லை, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை என்பவையே அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். ஒலிம்பிக் ஒன்றையே பெரிதென்று அக்காலத்தில் நம்மவர்கள் எண்ணியதும் ஒரு காரணம். எப்படியானாலும், மரக்கானாவின் முதல் வருஷத்தில் நமக்கென்று போட்டிருந்த இலை காலியாகவே கிடந்தது.

இனி, அந்த வருஷம் ஜூலை 16-ஆம் தேதிக்கு வருவோம். கடைசி ஆட்டம் பிரேசிலுக்கும் உருகுவேக்கும். பிரேசில் அதற்கு முன் ஸ்வீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தது. தோற்காமல் இருந்தாலே போதும், கோப்பை அவர்களுடையது. நகரத் தலைவர் ஆட்டத்துக்கு முன்பே வீரர்களை வெற்றி வீரர்களாகப் பாவித்து வாழ்த்துரை வழங்கிவிட்டார். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். மற்றவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சம் என்று சொல்லுவார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பிரேசில் முதல் கோல் போட்டது. ஆகாயம் அதிர்ந்தது. பிறகு உருகுவேயின் ஸ்கியாபினோ அதைச் சமப்படுத்தினார். ஆட்டம் முடியப் பதினொரு நிமிஷம் இருக்கும்போது, கிஜ்ஜியா என்பவர் வலது பக்கமாக ஓடிவந்தார். முன்போலவே பந்தை நடுவே தள்ளுவார் என்று எண்ணி, கோல் காவலர் பார்போசா ஓரடி விலகினார். பந்து அவருக்கும் கம்பத்துக்கும் இடையே புகுந்து உள்ளே போய்விட்டது. இரண்டு லட்சம் பேர் கூடியிருந்த இடத்தில் மௌனம் குடிகொண்டது. கோப்பை உருகுவேக்குப் போயிற்று.

தோல்விக்குப் பிறகு அந்நாட்டார் தங்கள் வெள்ளைச் சட்டையைக்கூட அபசகுனமென்று கழித்துவிட்டார்கள். இன்று உலகமெல்லாம் தெரிந்த அந்த மஞ்சள் சட்டை, அதற்கப்புறம் ஒரு போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சட்டையை மாற்றுவது சுலபம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பழியைச் சுமப்பதற்கு ஒரு மனிதனும் வேண்டியிருந்தது. பார்போசா அகப்பட்டார். அவர் கறுப்பு நிறத்தவர் என்பது பழி சொன்னவர்களுக்கு இன்னும் சௌகரியமாகப் போயிற்று. அன்றைய பிரேசிலின் மிகச் சிறந்த கோல் காவலர்களில் ஒருவரான அவர், மிச்ச வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு பந்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 1990-களில் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு வாழ்த்துச் சொல்லப் போனபோது, துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்நாட்டில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் தண்டனை கிடையாது, தமக்கு மட்டும் அதைத் தாண்டிவிட்டது என்று அவர் வருந்திச் சொன்னதுண்டு. 2000-ஆம் ஆண்டில் அவர் காலமானார். தேசாபிமானம் மிக உயர்ந்த உணர்ச்சி, நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெற்றியை ஊரார் அனைவரும் பங்கிட்டுக்கொண்டு, தோல்வியை ஒருவன் தலையில் மட்டும் கட்டுகிற தேசாபிமானத்தை என்னவென்று சொல்வது?

மைதானத்தைச் சுற்றிக் காட்டிய இளைஞர், அந்த கோல் கம்பம் இருந்த பக்கத்தைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு புல்தரைக்கு அருகே கீழ்வரிசை நாற்காலிகளைக் காட்டி, "எங்கள் தாத்தா நின்ற இடம் இதுதான்" என்றார். நின்ற இடம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய மைதானத்தில் புல்தரையைச் சுற்றி 'ஜெரல்' என்று ஒரு பகுதி இருந்தது. நாற்காலி கிடையாது, கூரை கிடையாது, வெயிலிலும் மழையிலும் நின்றபடியே பார்க்க வேண்டும். இடம் பள்ளமானதால் ஆட்டக்காரர்களின் கால்கள்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கட்டணம் மிகச் சொற்பம். கூலிவேலை செய்பவனும் தெருவில் கடலை விற்பவனும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே ராஜாவாக நிற்கலாம். விசித்திர வேஷம் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. 1963-இல் பிளமெங்கோ, புளுமினென்ஸ் என்னும் இரண்டு உள்ளூர்ச் சங்கங்கள் மோதிய ஆட்டத்துக்கு 1,94,603 பேர் வந்தார்கள். ஒரு கோல்கூட விழவில்லை. ஆனாலும் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்! 1969 நவம்பர் 19-ஆம் தேதி பெலே தமது ஆயிரமாவது கோலைப் போட்டதும் இங்கேதான். கூட்டம் உள்ளே புகுந்து அவரைச் சூழ்ந்துகொண்டபோது, ஏழைக் குழந்தைகளை மறந்துவிடாதீர்கள் என்று அவர் கண்ணீருடன் வேண்டிக்கொண்டார்.

ஜெரல் 2005-இல் மூடப்பட்டது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1992-இல் மேல்தளத்துக் கம்பித் தடுப்பு முறிந்து மூவர் உயிரிழந்தார்கள்; அதன் பிறகு பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது எப்படி? 2014 உலகக் கோப்பைக்காக உட்புறம் முழுவதையும் இடித்துக் கட்டினார்கள். இப்பொழுது சுமார் 78,000 பேர் உட்காரலாம், எல்லோருக்கும் நாற்காலி, எல்லோர் தலைக்கும் கூரை. கட்டணமும் அதற்குத் தக்கபடி உயர்ந்தது. "என் தகப்பனாரை எப்போதாவதுதான் அழைத்து வர முடிகிறது" என்றார் அந்த இளைஞர். தாத்தா வாரந்தோறும் வந்தார். தகப்பனார் எப்போதாவது வருகிறார். மைதானம் அழகாகத்தான் இருக்கிறது. மாரியோ பில்யோ நகரத்தின் நடுவில் வேண்டுமென்று போராடியது யாருக்காக என்று மட்டும் நமக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். உடை மாற்றும் அறைகள், பெரிய ஆட்டக்காரர்களின் பாதச் சுவடுகள், புல்தரையின் ஓரம் ஆகியவற்றைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். ஆட்ட நாட்களில் இதற்கான நேரம் மாறும். முன்கூட்டியே விசாரிப்பது நலம். புல்லில் காலை வைக்க விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. வாசலில் கோப்பையை ஏந்தி நிற்கும் சிலை, 1958-இல் முதன்முதலாக உலகக் கோப்பையை வென்று வந்த தலைவர் பெல்லினியைக் குறித்தது. கூடுமானால் பிளமெங்கோ, புளுமினென்ஸ் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கம். மெரூன், பச்சை, வெள்ளை மறுபக்கம். கொடியும் மேளமுமாக ஒரே அமர்க்களம். எந்தப் பக்கத்தில் உட்காருகிறோம் என்று தெரிந்துகொண்டு சட்டையின் நிறத்தைத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம்.

நம் நாட்டிலும் பெரிய பெரிய மைதானங்கள் எழும்பி வருகின்றன, இன்னும் எழும்பும். எத்தனை நாற்காலி, எவ்வளவு விளக்கு என்று கணக்குப் பார்ப்பதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். கடலை விற்பவன் உட்கார ஓர் இடம் உண்டா, தோற்றுப்போன கோல் காவலன் வீதியில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டால், அதைத் தேசத்தின் மைதானம் என்று தாராளமாகச் சொல்லலாம்.