சேற்றில் இறங்கும் செந்நிறம்

மும்பையின் கழிவைச் சுமக்கும் தாணே கடற்கழி, ஆண்டுதோறும் லட்சம் பூநாரைகளுக்கு விருந்து வைக்கிறது. கரையோரத்து மான்குர்த் அதை எட்ட நின்றுதான் பார்க்கிறது.

ஹார்பர் லைன் ரயில் மான்குர்த் நிலையத்தை விட்டு வாஷி பக்கம் கிளம்பியதும் பெட்டிக்குள் ஒரு சின்ன மாற்றம் நிகழும். குடிசைகளும் மதில்களும் பின்வாங்க, இருபுறமும் அலையாத்திப் புதர்கள். பிறகு வெறும் தண்ணீர். நெரிசலில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவரும் அந்தக் காற்றை ஒருமுறை இழுத்து மூச்சு வாங்கிக்கொள்வார். குளிர்காலமாகவும், தண்ணீர் வடிந்த நேரமாகவும் இருந்தால் இடது பக்கம் தூரத்தில் சேற்றின் மேல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். ஊருக்குப் புதியவர்கள் கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் என்று நினைக்கக்கூடும். ஆனால் கோடு மெல்ல நகரும். அவை பூநாரைகள்.

மும்பைவாசிகள் 'காடி' என்று சொல்லும் இந்தக் கடற்கழியின் மேற்குப் பகுதியை, வாஷி பாலத்துக்கும் ஐரோலி பாலத்துக்கும் இடைப்பட்ட அளவில், 2015 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மொத்தப் பரப்பு 1,690 ஹெக்டேர். அதில் 896 ஹெக்டேர் அலையாத்திக் காடு; மீதி தண்ணீரும் சேறும். மால்வணுக்கு அடுத்து மாநிலத்தின் இரண்டாவது கடல்சார் சரணாலயம் இது. உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்ததாக 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஆக, கோடியக்கரைக்கும் வேடந்தாங்கலுக்கும் உள்ள சர்வதேச அந்தஸ்து, சாக்கடை வாடை வீசும் இந்தக் கழிக்கும் உண்டு.

பூநாரைகள் மும்பைக்குப் பரம்பரை விருந்தாளிகள் அல்ல. 1990களில்தான் சிவ்ரி சேற்றுத் திட்டுகளில் அவை பெருங்கூட்டமாகத் தென்படத் தொடங்கின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சமீப ஆண்டுக் கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. பெரும்பாலானவை சிறு பூநாரைகள்; உயரமும் வெண்மையும் கூடிய பெரும் பூநாரைகள் குறைவு. மழைக்காலத்தில் குஜராத்தின் கட்ச் ரண் உப்பு வெளியில் சேற்றைக் குவித்துக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே தண்ணீர் வற்றத் தொடங்கியதும் தெற்கே கிளம்புகின்றன. நவம்பர் வாக்கில் முதல் கூட்டம் வந்து இறங்கும். மே முடிவதற்குள் பெரும்பாலானவை விடைபெறும். சில பறவைகளின் மேல் பொருத்தப்பட்ட கருவிகள், மும்பைக்கும் குஜராத்துக்கும் இடையிலான போக்குவரத்தை உறுதி செய்திருக்கின்றன.

மான்குர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை இந்தப் பறவைகளைப் பார்க்கக் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். சரணாலயம் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. ஆனால் நேராகப் போக வழி கிடையாது. குறுக்கே நெடுஞ்சாலை, குப்பைமேடு, ஆள் நடமாட முடியாத சதுப்புக் காடு. எனவே ரயிலேறிக் கழியைத் தாண்டி, வாஷியில் தாணே ரயில் பிடித்து, துர்பே, கோபர்கைரணே, கன்சோலி, ரபாளே என்று வடக்கே போய், ஐரோலியில் இறங்கி ஆட்டோ ஏற வேண்டும். வனத்துறையின் கடலோர உயிர்ப்பன்மை மையம் அங்கேதான் இருக்கிறது. படகும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. கழியின் இக்கரையில் இருப்பதைப் பார்க்க அக்கரைக்குப் போய்ச் சுற்றி வருகிற பயணம்.

செலவும் உண்டு. படகுக் கட்டணம் ஆளுக்குச் சில நூறு ரூபாய். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது யோசித்துச் செய்யும் செலவு. புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுக் காசு மிச்சம். போகும் நேரத்தை முடிவு செய்வது கடிகாரமல்ல, கடல். தண்ணீர் முழுக்க வடிந்தால் படகு தரை தட்டும். முழுக்க ஏறினால் சேறு மூழ்கிப் பறவைகள் வேறு இடம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில மணி நேரம்தான் படகுக்கு உகந்தது. ஓத நேரத்தைக் கேட்டுக்கொண்டு, முன்பதிவு செய்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

மையத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும், கழி வாழ் உயிர்களைப் பற்றிய விளக்கங்களும் பிள்ளைகளை நிறுத்திவைக்கும். பிச்சாவரம் போய் வந்தவர்களுக்கு அலையாத்தி மரங்கள் புதிதல்ல. சேற்றுக்கு மேலே பென்சில் முனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள், காற்றில்லாத சேற்றில் மரம் பிழைக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. வேர்களுக்கிடையே ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு. சேற்றில் துள்ளி நடக்கும் மீன். காட்டுக்குள் நரிகளும் உண்டு. அவ்வப்போது குடியிருப்புப் பக்கம் எட்டிப் பார்த்துப் பீதி கிளப்பும்.

படகு கழியின் நடுப்பகுதிக்கு வந்ததும் பேச்சு தானாக அடங்கிவிடும். உள்ளான்களும் கடற்காகங்களும் முதலில் எதிர்ப்படும். அப்புறம் அந்தக் கோடு. நெருங்க நெருங்க அது கால்களாகவும் வளைந்த கழுத்துகளாகவும் பிரியும். ஆயிரக்கணக்கான அலகுகள் சேற்றைக் கலக்கும் சலசலப்பு கேட்கும். "ஆச்சி, ஒத்தக் கால்ல நின்னா அதுக்குக் கால் வலிக்காதா?" என்று பேரன் கேட்டால், திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிக்குப் பதில் தயாராக இருக்கும்: "ஒரு கால் வலிச்சா மறு கால ஊணிக்கிடும்ல. நம்மூருக் குளத்துல நிக்கற நாரையப் பாத்ததில்லையா நீ?" பார்த்திருக்க மாட்டான். அவன் பிறந்து வளர்ந்தது மான்குர்த்தில்.

ஆச்சியின் நாரைக்கும் இதற்கும் சாப்பாட்டில்தான் பெரிய வித்தியாசம். நாரை மீனைக் கொத்தும். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைச் சேற்றுநீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் சல்லடையாக வேலை செய்து உணவை மட்டும் தங்க வைக்கும். சிறு பூநாரையின் முக்கிய உணவு கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி. அதிலுள்ள நிறமிதான் இறகில் ஏறிச் சிவப்பாகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம். வருடக்கணக்கில் பாசி தின்ற பிறகே இந்த நிறம் வாய்க்கிறது. காரட் தின்றால் கன்னம் சிவக்கும் என்று அம்மாக்கள் சொல்வது மனிதர்களிடம் பலித்ததோ இல்லையோ, இவற்றிடம் பலித்திருக்கிறது.

சங்கடமான கேள்வி இங்கேதான் வருகிறது. இவ்வளவு பாசி எங்கிருந்து? நகரத்தின் சாக்கடை நீர், அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்டும் சுத்திகரிக்கப்படாமலும், இந்தக் கழியில் கலக்கிறது. அதிலுள்ள சத்துகள் பாசியைச் செழிக்க வைக்கின்றன. பாசி பறவைகளை அழைக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அதே தண்ணீரில் வலை வீசும் கோலி மீனவர்களுக்கோ, மீன் குறைந்துவிட்டது என்ற குறை. மாசு ஒரு உயிருக்கு விருந்து, இன்னொன்றுக்குப் பட்டினி. விருந்தும் நிரந்தரமல்ல. ரசாயனமும் கன உலோகமும் கூடினால், இன்று பாசி தரும் சேறு நாளை விஷம் தரலாம்.

நகரம் தனக்கு வேண்டாததைத் தள்ளிவிடும் மூலையாக இந்தக் கரை இருப்பது புதிதல்ல. மான்குர்த்துக்குப் பக்கத்தில், கழியை ஒட்டியிருக்கும் தேவ்னார் குப்பைக் கிடங்கு 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமந்துவருகிறது. 2016 ஜனவரியில் அது தீப்பற்றி எரிந்தபோது நகரமே புகையில் திணறியது. குப்பையை அடுத்து மனிதர்கள். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், சதுப்போரத்துச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டன. சேற்றை மண் கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். மான்குர்த்தும் தேவ்னாரும் அடங்கிய எம் கிழக்கு வார்டு, 2009இல் வெளியான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரத்திலேயே கடைசி இடத்தைப் பிடித்தது.

பறவைகளும் இந்த மனிதர்களும் ஒரே சேற்றை நம்பி வந்தவர்கள். பறவைகளுக்கு 2015இல் சட்டம் பட்டா கொடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்திக் காடுகளை அழிக்கவும் அவற்றை ஒட்டி 50 மீட்டருக்குள் கட்டுமானம் செய்யவும் தடை விதித்தது. அந்த உத்தரவு இல்லையென்றால் இன்று பூநாரைக்கு நிற்க இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனாலும் பட்டா உள்ளவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2024 மே 20 இரவு, காட்கோபர் வான்வெளியில் தரையிறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்று பூநாரைக் கூட்டத்தில் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்ட பறவைகள் துண்டு துண்டாகக் குடியிருப்புகளின் மேல் விழுந்தன. அதே பருவத்தில் நவி மும்பையின் நேருல் ஏரிக்குக் கழிநீர் வரும் வழி அடைபட்டு, அங்கும் பறவைகள் செத்தன. ஓதம் ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில் ஒதுங்கி நிற்க அந்த ஏரிகள்தான் அவற்றுக்குப் புகலிடம். சரணாலயத்துக்குக் கோடு போட்டால் மட்டும் போதாது. கோட்டுக்கு வெளியே இருக்கும் குட்டைகளும் வேண்டும்.

மும்பைத் தமிழர் பலரின் பூர்வீகமான திருநெல்வேலி மாவட்டத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. நாங்குநேரி வட்டத்தின் கூந்தன்குளம், 1994இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. ஆனால் காவல் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும். எச்சத்தின் நாற்றத்தை ஊர் பொறுத்துக்கொள்ளும். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகும். பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளத்துக்குப் பூநாரைகளும் வருவதுண்டு. தாணே கழியைப் போலவே கூந்தன்குளமும் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது 2022 ஆகஸ்டில்தான்.

இரண்டுக்கும் அந்தஸ்து ஒன்று. கூந்தன்குளத்துப் பிள்ளைக்கு வாசல் திண்ணையில் கிடைப்பது, மான்குர்த் பிள்ளைக்கு இரண்டு ரயில், ஒரு ஆட்டோ, ஒரு படகுக்குப் பிறகு கிடைக்கிறது. ஐரோலிப் படகில் வாரம் ஒரு நடையை மான்குர்த், கோவண்டி பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாக ஒதுக்குவது பெரிய காரியமல்ல. கழியில் நள்ளிரவில் மண் கொட்ட லாரி வந்தால் முதலில் பார்க்கப்போகிறவர்கள் கரையோரத்து மனிதர்கள்தான். அந்தப் பறவைகள் தங்களுடையவை என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால், சத்தம் போடுவார்கள்.