எண்ணி வாங்கணும் சாரே!

சாக்கெட் என்றால் எனக்குத் தெரிந்தது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்தான். பி.காம். முடித்துவிட்டு பாங்கில் இருபது வருஷம் நோட்டு எண்ணியவனுக்கு அதுவே அதிகம் :-)

போன வருஷம் ஒரு மாசம் நாலாம் தேதி. வத்துருத்தியில் குடியிருக்கும் நம்மூர் அண்ணாச்சி ஒருவர், கட்டட வேலைக்காரர், வைட்டிலாவில் எங்கள் கிளைக்கு வந்தார். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஏ.டி.எம்மில் 4,000 ரூபாய் கேட்டிருக்கிறார். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம். திரையைப் பார்த்தேன். ரிவர்சல் எதுவும் இல்லை.

"சிஸ்டத்துல பணம் எடுத்ததாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப நான் பொய் சொல்றேனா சார்?"

பதில் சொல்லாமல் புகார் படிவத்தை நீட்டினேன்.

அடுத்த வாரம் மெஷினைத் திறந்து எண்ணினால், கணக்கைவிடச் சரியாக 4,000 கூடுதல்! ஒன்பதாம் நாள் அவர் பணம் திரும்பியது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாளுக்குள் திருப்பியிருக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய். அந்த 400-உம் சேர்த்துக் கொடுத்தோம். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ரிவர்சல் எங்கே போனது?

ஆறு மாசமாகப் பொருந்தாமல் கிடந்த பதிவுகளை வரிசைப்படுத்தினேன். எல்லாமே மாச முதல் வாரம், சாயங்காலம் ஆறு முதல் எட்டு. கூட்ட நேரம். அந்தத் தாளோடு வைட்டிலா ஹப்பில் வாட்டர் மெட்ரோ ஏறிக் காக்கநாடு போனேன். ரிவர்சல் செய்திகளை வாங்கி வரவு வைக்கும் சர்வர் ப்ரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் மலையாளிப் பையன் அங்கேதான் இருக்கிறான்.

அவன் மெஷினில் ஓட்டினால் தப்பே வரவில்லை. லாக் வரிகள் சேர்த்தால் தப்பு மறைகிறது, எடுத்தால் வருகிறது. பேய் பிடித்த மாதிரி! கடைசியில் வயர்ஷார்க் போட்டு, லைனில் போகிற பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தான்.

ஒவ்வொரு செய்திக்கும் முதல் இரண்டு பைட், அதன் நீளம். ஒரு இணைப்புக்கு ஒரு த்ரெட். அந்த த்ரெட் ஒரே ஒரு தடவை ரீட் செய்து, வந்ததையே முழுச் செய்தி என்று எடுத்துக்கொண்டது. 'கிடைத்தது' என்று பதிலும் உடனே போய்விட்டதால் ஸ்விட்ச் திரும்ப அனுப்பவில்லை. ஆனால் டி.சி.பி. 1981 ஆர்.எஃப்.சி. 793-இலிருந்து 2022-இன் 9293 வரை ஒன்றுதான் சொல்கிறது: பைட்டுகள் வரிசை மாறாமல் வரும். செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. 300 பைட் கேட்டால் 180 வரலாம்.

"ஹப்பில பத்துப் பேர் கல்யாணக் கோஷ்டி இறங்கணும் சாரே. ஆறு பேர் முதல் பஸ்ஸில வந்தாச்சு. அதோட வேனை எடுத்தா?"

மீதி நாலு பேர் அடுத்த கல்யாணத்து வேனில் ஏறுவார்கள். இங்கேயும் அதுதான். மிச்ச பைட்டுகளை அடுத்த செய்தியின் நீளமாகப் படித்தது. போதாததற்கு எல்லா த்ரெட்டுக்கும் ஒரே பஃபர். ஒருவன் படித்ததன்மேல் இன்னொருவன் எழுதினான்! அவன் மெஷினுக்குள்ளேயே அனுப்பி வாங்கியபோது செய்தி முழுசாக வந்தது. லாக் எழுதும் நேரத்தில் மிச்சமும் வந்து சேர்ந்தது. அதனால்தான் பேய் மறைந்தது.

திருத்தம் பத்து வரிகூட இல்லை. முதலில் நீளத்தைப் படி. அத்தனை பைட்டும் சேரும்வரை லூப்பில் படி. ஜாவாவில் டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமின் ரீட்ஃபுல்லி இதைச் செய்யும். மைனஸ் ஒன்று வந்தால் எதிர்முனை மூடிவிட்டது, பாதிச் செய்தியை ஏற்காதே. த்ரெட்டுக்கு ஒரு பஃபர். முழுசாக வாங்கிய பிறகே பதில்.

"கட்டு மேல நூறுன்னு எழுதியிருந்தாலும் எண்ணித்தான் வாங்கணும் சாரே, இல்லையா?" என்றான்.

காஷ் கவுண்டரில் முதல் நாள் எனக்குச் சொல்லித்தந்த பாடம் அது. ப்ரோகிராம் மறந்தது சரி. திரையில் எழுதியிருந்ததை நம்பி, எண்ணிப் பார்க்காமல் அண்ணாச்சியை அனுப்பிவைத்தது யார்?

போன மாசம் அவர் பாஸ்புக் பதிய வந்தார். மகள் இரண்டாம் வருஷமாம். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைச் சொன்னேன்.

"நீங்க பொய் சொல்லல அண்ணாச்சி."